1947: அவசரம்தான் கொன்றதா?

லாடாங் பிள்ளை:
இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கோயில் வாசலில் நேற்று பாதியில் நின்ற பேச்சு இது: இந்தியா, பாகிஸ்தான் பிரிவினையை அவசரமாக முடித்ததுதான் அத்தனை பேரைக் கொன்றதா? ஆட்சியை 1948 ஜூனுக்குள் ஒப்படைப்போம் என்று 1947 பிப்ரவரி 20 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்தார். மார்ச்சில் வைஸ்ராயாக டில்லி வந்த மவுண்ட்பேட்டன், நாட்டை இரண்டாகப் பிரிக்கும் ஜூன் 3 திட்டத்தோடு தேதியை ஆகஸ்ட் 15க்கு இழுத்தார். இடையில் 73 நாள்! எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, அளந்து கல் நடவே அதைவிட அதிக நாள் பிடித்தது. எல்லைக் கோடு போட வந்த ராட்கிளிஃப் ஜூலை 8இல்தான் இந்தியா வந்து சேர்ந்தார். அதற்கு முன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அத்தனை உயிர் போனதற்கு இந்த அவசரம்தான் காரணம் என்கிறேன்.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, தேதியை மட்டும் பார்க்காதே. மார்ச்சிலேயே ராவல்பிண்டி பக்கம் ஊர் ஊராக எரிந்தது. பஞ்சாப் அமைச்சரவை விலகி, கவர்னர் ஆட்சி வந்துவிட்டது. டில்லி இடைக்கால அரசில் நிதி முஸ்லிம் லீக்கின் லியாகத் அலி கையில், உள்துறை காங்கிரஸின் படேல் கையில். ஒருவர் வேலையை மற்றவர் நகர விடவில்லை. இன்னும் பத்து மாதம் இப்படியே ஓட்டியிருந்தால் சாவு குறைந்திருக்குமா? ஏற்பாடே இல்லை என்பதும் சரியில்லை. பிரிவினைக் கவுன்சிலின் கீழ் அதிகாரிகள் எச்.எம். படேலும் சௌத்ரி முகமது அலியும் ராணுவம், ரயில், கடன், கையிருப்பு என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டார்கள். ரொக்கத்தில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று முடிவானது.

லாடாங் பிள்ளை:
சரி ஐயா, மேசை நாற்காலி வரைக்கும் பிரித்தார்கள். ஆட்களுக்கு என்ன ஏற்பாடு? ராட்கிளிஃப் போட்ட பஞ்சாப் எல்லைத் தீர்ப்பில் இருக்கும் தேதி ஆகஸ்ட் 12. வெளியிட்டது 17. எல்லையோரக் குர்தாஸ்பூர்க்காரனுக்குச் சுதந்திர தினத்தன்று தன் நாடு எது என்றே தெரியாது. எல்லையைக் காக்க ஆகஸ்ட் 1இல் இறக்கிய படையையும் செப்டம்பர் தொடக்கத்திலேயே கலைத்துவிட்டார்கள்.

லயத்து மகள்:
அண்ணா, நாள் இருந்தால் போதுமா? நம் மலாயாவுக்கு நாள் இருந்ததே. 1956 ஜனவரியில் லண்டனில் சுதந்திரப் பேச்சு, அப்புறம் அரசியல் சட்டம் எழுத ரீட் ஆணையம், 1957 ஆகஸ்ட் 31இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம். அந்த ஆணையத்தின் ஐந்து பேரில் இந்திய நீதிபதி மாலிக்கும் பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மெர்டேக்காவுக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்று வந்தது. முன்னால் வந்தவர்கள்தான் மனுப் போட வேண்டும், மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கு அந்த மனுவை எழுதிக் கொடுக்க, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆளில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசியோடுதான், அந்த அடையாள அட்டையோடுதான், கண்ணை மூடினார். பேச்சுவார்த்தை எத்தனை மாதம் நடந்தாலும், முடிவை லயத்துக்குக் கொண்டுவந்து சொல்ல ஒருவர் வேண்டும்.

ஓய்வு வாத்தியார்:
உன் பாட்டி மாதிரி எத்தனையோ பேரை நானும் பார்த்திருக்கிறேன் அம்மா. தேதியை முன்னால் கொண்டுவந்தது சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் தம்பி, கோட்டைப் போட்டு முடித்தபின் அந்த ஐந்து நாள் மூடி வைத்தார்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.