சித்ரா பௌர்ணமி நோட்டீஸ்: "உலகிலேயே இங்கு மட்டும்" என்று போடலாமா?

வேளிமலை:
வருகிற சித்ரா பௌர்ணமிக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகிறோம். டெலஸ்கோப்பும் வருகிறது. நோட்டீஸில் ஒரு வரி: "சூரியன் மறைவதையும் முழுநிலா எழுவதையும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் பார்க்க உலகிலேயே கன்னியாகுமரியில் மட்டும்தான் முடியும்." வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முட்டம் அலை:
இதில் கேட்க என்ன இருக்கிறது மக்கா? போடுங்கள். எங்கெங்கோ இருந்து அன்றைக்கு வண்டி வண்டியாக ஆள் வருவது சும்மாவா? நம்ம ஊர்ப் பெருமையை நாமே அடித்துத் திருத்த வேண்டுமா?

தக்கலை டீச்சர்:
வேண்டாம். முழுநிலா என்றாலே பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், எதிர்ப்பக்கம் நிலா. மேற்கே அது இறங்கும்போது கிழக்கே இது ஏறித்தான் ஆக வேண்டும். சென்னையிலும் நடக்கும், சஹாராவிலும் நடக்கும், எல்லாப் பௌர்ணமிக்கும் நடக்கும்.

"ஒரே நேரம்" என்பதும் வருஷத்துக்கு வருஷம் மாறும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழும். அதனால் எந்த மணிக்கு நிலா சரியாக நிறைகிறது என்பதுதான் கணக்கு. 2024-ல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 23. நிலா நிறைந்ததோ மறுநாள் காலை 5.19-க்கு. ஆகவே சூரியன் மறைவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பே நிலா ஏறிவிட்டது. 2025 மே 12 அன்று இரவு 10.26-க்கு நிறைந்தது, அன்று இடைவெளி 10 நிமிடத்துக்குள்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

முட்டம் அலை:
டீச்சர், சென்னையில் மேற்கே கடல் எங்கே இருக்கிறது? நாலு மாடிக் கட்டிடத்துக்குப் பின்னால் சூரியன் போவதைப் பார்க்கவா ஜனங்கள் வருகிறார்கள்? இரண்டு பக்கமும் கடல் இருக்கிறதே, அதுவாக்கும் விஷயம்.

தக்கலை டீச்சர்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மினிக்காய்த் தீவில் இரண்டு பக்கமும் கடல் இல்லையா? தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இல்லையா?

முட்டம் அலை:
தீவை விடுங்கள். நான் சொல்வது இந்தியப் பெருநிலத்தின் தென்முனையை.

தக்கலை டீச்சர்:
நோட்டீஸில் இருப்பது உலகமே. பெருநிலம் என்று அதில் எங்கேயும் இல்லை.

நாற்பது மீட்டர்:
ஹாம் ரேடியோக்காரன், அதாவது பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் வானலை வழியே பேசுகிறவன் என்ற முறையில் குறுக்கே வருகிறேன். "எங்கேயும் நடக்கும்" என்று டீச்சர் தட்டிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலாவுக்கு சிக்னல் அனுப்பி, அது மோதித் திரும்புவதைப் பிடிப்பதும் எங்கள் பொழுதுபோக்கில் ஒன்று. 144 மெகாஹெர்ட்ஸில் செய்வோம். போய்வர சுமார் இரண்டரை வினாடி. திரும்பி வருவது இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கும். ஆனால் நிலா அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது முன்னால் திறந்த கடல் இருந்தால், நேராக வரும் அலையும் தண்ணீரில் பட்டு வரும் அலையும் சேர்ந்து 6 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். அதாவது சிக்னலின் வலு நான்கு மடங்கு. சின்ன ஆன்டெனாக்காரனுக்கு அது லாட்டரி. நிலா எழும்போது ஒரு தடவை, மறையும்போது ஒரு தடவை என்று இரண்டு வாய்ப்பும் கடல்மேல் கிடைக்கிற முனை எல்லா ஊருக்கும் வாய்க்காது. "உலகிலேயே" என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை, அடிவானத்துக்காக வருகிறேன்.

தக்கலை டீச்சர்:
அடிவானம் என்றீர்களே, அங்கேதான் இந்த வரி முழுசாக விழுகிறது. சித்திரையில் சூரியன் நேர்மேற்கில் மறைவதில்லை. ஏப்ரல் 23 வாக்கில் 13 டிகிரி வடக்கே தள்ளி மறையும், மே 12 வாக்கில் 18 டிகிரி. நம் கரையோ மணக்குடி, முட்டம், குளச்சல் என்று வடமேற்கே ஏறிப் போகிறது. முக்கடலில் நின்று பார்த்தால் அன்று சூரியன் இறங்குவது கரைப்பக்கமாக. நிலா மட்டும்தான் கடலிலிருந்து எழும். முனையில் நின்று சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள் வர வேண்டும்.

அதனால் தைப் பௌர்ணமிக்கோ மாசிப் பௌர்ணமிக்கோ கூட்டிப் போங்கள் என்கிறேன். சூரியன் மேற்குக்குத் தெற்கே தள்ளி இறங்கும், நிலா கிழக்குக்கு வடக்கே தள்ளி ஏறும், இரண்டும் கடல்மேல். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். சித்திரைதான் விசேஷம் என்று யார் சொல்லி வைத்தார்களோ!

முட்டம் அலை:
மாசியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும். எந்த அப்பா அம்மா விடுவார்கள்? சித்திரையில்தானே பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். இது டிகிரி கணக்கில் வராது. டீச்சரை இப்படியே விட்டால் அடுத்தது காந்தி மண்டபத்தில் கைவைப்பார்கள் போல.

தக்கலை டீச்சர்:
கைவைக்கத்தான் போகிறேன்! அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அருமையான கணக்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சூரியன் உச்சியில் அதே உயரத்துக்கு மார்ச் 11, 12 வாக்கிலும் வரும். அக்டோபர் 2-ல் நம் ஊர் உச்சிப்பொழுது 12.09 வாக்கில், மார்ச்சில் 12.30 வாக்கில். வித்தியாசம் அவ்வளவுதான். மார்ச்சில் ஒரு நாள் பிள்ளைகளை மதியம் அங்கே நிறுத்தி, ஒளி எங்கே விழுகிறது என்று அவர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டமும் இருக்காது.

நாற்பது மீட்டர்:
இது நல்ல யோசனை. கூடவே ஏப்ரல் 10 வாக்கில் ஒரு குச்சியை நட்டு, உச்சியில் நிழல் காணாமல் போவதையும் காட்டலாம். அது செப்டம்பர் 1 வாக்கில் மறுபடி வரும்.

வேளிமலை:
பேச்சு எங்கேயோ போகிறது. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. "சூரியன் மறைய, முழுநிலா எழ, முக்கடல் கரையில் நின்று பார்ப்போம்" என்று மட்டும் போட்டுவிடட்டுமா? தேதி சித்திரைதான், அதை மாற்ற முடியாது.

தக்கலை டீச்சர்:
சித்திரை என்றால் சித்திரை. ஆனால் அன்றைய இரண்டு நேரத்தையும் நோட்டீஸில் அச்சடியுங்கள், பிள்ளைகள் கடிகாரத்தோடு வரட்டும்.

முட்டம் அலை:
"உலகிலேயே" இல்லையென்றால் என் வேனும் இல்லை, சொல்லிவிட்டேன்.

வேளிமலை:
அண்ணாச்சி, டீசல் வரைக்கும் பேசி முடித்த பிறகு இப்படிச் சொன்னால் எப்படி?

தக்கலை டீச்சர்:
நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம்? நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.