மூன்று பேர் சேர்ந்தால் கும்பலா? கலிபோர்னியச் சட்டமும் 42 கைக்குழந்தைகளும்

வைகைக்கரையான்:
கலிபோர்னியக் காவல்துறையின் கால்கேங் தரவுத்தளத்தில் ஒருவன் பெயர் இருந்தால் அவன் தெருக்கும்பலைச் சேர்ந்தவன்தான், அங்கே யாரையும் சும்மா சேர்ப்பதில்லை என்று சான்ஹோசே குமரன் நேற்று இங்கே தீர்ப்பே எழுதிவிட்டுப் போனார். அந்தத் தரவுத்தளத்தை ஆராய்ந்து மாநிலத் தணிக்கையாளர் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை. பதிவான நாளில் ஒரு வயதுகூட நிறையாதவர்கள் 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர், தாங்கள் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பால்குடி மறவாத பிள்ளை எந்த மொழியில் ஒப்புக்கொண்டது என்பதைக் குமரன் விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

சான்ஹோசே குமரன்:
இருபது ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் வரி கட்டி வாழ்கிறேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கலிபோர்னியாவைக் கற்பிக்க வேண்டாம். அந்த 42 பேரும் குழந்தைகள் அல்லர். பிறந்த ஆண்டை எழுத வேண்டிய இடத்தில் யாரோ ஒரு எழுத்தர் பதிவு செய்த ஆண்டைத் தட்டிவிட்டிருப்பார். ஒரு வயதுக்குக் குறைந்தவர்களாக அவர்கள் ‘சொல்லப்பட்டார்கள்’ என்றுதான் தணிக்கையாளரே எழுதுகிறார். ‘இருந்தார்கள்’ என்று நீங்களாகத் திருத்தி எழுதியிருக்கிறீர்கள். தட்டச்சுப் பிழையைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவது நல்ல வேடிக்கை.

முத்தரசி:
இருவரும் இரண்டு வேறு பொருள்களைக் குழப்புகிறீர்கள். கால்கேங் என்பது காவல்துறையின் உளவுப் பட்டியல். பச்சை குத்தியிருப்பது, கைச்சைகை காட்டுவது, குறிப்பிட்ட உடை உடுத்துவது, அறியப்பட்ட உறுப்பினர்களோடு பழகுவது போன்ற அடையாளங்களில் இரண்டு பொருந்தினாலே அன்று அதில் பெயர் ஏறிவிடும். நீதிமன்றம் கேட்பதோ தண்டனைச் சட்டத்தின் 186.22ஆம் பிரிவு. 1988இல் வந்த அந்தச் சட்டத்தின்படி மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் தொடர்ந்து இயங்கும் குழுவாக இருக்க வேண்டும். பொதுப்பெயரோ பொது அடையாளமோ வேண்டும். பட்டியலிட்ட குற்றங்களைச் செய்வது அவர்களுடைய முதன்மையான செயல்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு மேல், குற்றங்களின் தொடர்ச்சியும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ‘ஒழுங்கமைந்த’ என்ற சொல்லைச் சேர்த்ததோடு, குற்றத்தால் கும்பலுக்குப் பேரும் பயமும் கிடைத்தது என்பதை மட்டும் கும்பலின் ஆதாயமாகக் காட்டினால் போதாது என்றும் கூறிவிட்டது. கும்பலில் இருப்பது மட்டுமே குற்றமன்று. இதைப் பேசலாமே.

வைகைக்கரையான்:
அம்மா, தாங்கள் சொன்னது அத்தனையும் சரியாகவே இருக்கட்டும். நான் கேட்டது 42 குழந்தைகளைப் பற்றி. குமரன் சொல்வதுபோல் அது எழுத்தர் பிழை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிழை என்றால் ஒருநாள் அசதி என்று விடலாம். நாற்பத்திரண்டு முறை நடந்தும், வயது ஒன்றுகூட ஆகவில்லையே என்று ஒரு அதிகாரிக்கும் உறைக்கவில்லை என்றால், அந்தப் பட்டியலை யாரும் படிப்பதே இல்லை என்று பொருள். அதே தணிக்கையில் எடுத்துப் பார்த்த 100 பேரில் 13 பேரைச் சேர்த்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பதின்மூன்றும் தட்டச்சுப் பிழைதானா?

சான்ஹோசே குமரன்:
பதின்மூன்று போக மீதி 87 பேருக்கு ஆதாரம் இருந்தது என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அப்போது பட்டியலில் இருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதில் 42 என்பது கடலில் கரைத்த பெருங்காயம். சென்ற ஆண்டு இதே இடத்தில், கும்பலுக்கு ஐந்து பேர் வேண்டும் என்று மேசையைத் தட்டி எழுதியவர் நீங்கள்தானே? மூன்றா ஐந்தா என்று எண்ணத் தெரியாதவர் 42க்கு வந்துவிட்டார்.

வைகைக்கரையான்:
அன்று நான் எழுதியது அமெரிக்கக் கூட்டரசின் சட்டத்தைப் பற்றி. அதில் ஐந்து பேர்தான். கலிபோர்னியச் சட்டத்தில்தான் மூன்று. வரி கட்டுகிறவருக்கு எந்தச் சட்டத்துக்கு வரி கட்டுகிறோம் என்பதும் தெரிந்திருக்கலாம். ஓராண்டாக இதை மனத்தில் வைத்துக் காத்திருந்தீர்கள் என்பது எனக்குப் பெருமைதான்.

பழைய பேனா:
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ‘கும்பல்’ என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை. தேர் பார்க்க வந்தவர்களும் கும்பல்தான், பேருந்துக்கு முண்டியடிப்பவர்களும் கும்பல்தான். ‘குற்றக்குழு’ என்று எழுதினால் பாதிச் சண்டை இருக்காது.

சான்ஹோசே குமரன்:
ஐயா, ஊரே பற்றி எரியும்போது ஒற்றெழுத்தைத் தேடுகிறீர்கள்.

முத்தரசி:
பேனா ஐயா சொன்னதில் பொருள் இருக்கிறது. நோர்த்தெனோ என்ற பெயரில் திரியும் பல சிறு குழுக்கள் எல்லாம் ஒரே கும்பலா என்ற கேள்விதான் 2015இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெயரும் நிறமும் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றைப் பிணைக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

வைகைக்கரையான்:
தொடர்பைக் காட்டுவதிருக்கட்டும். அதை எழுதுகிற கை யாருடையது? ஒரு தாய்க்கு உங்கள் மகன் கும்பல் உறுப்பினன் என்று கடிதம் வந்து, அவர் முறையிடப்போய், தெருவில் நிறுத்தி விசாரித்ததாக எழுதும் அட்டைகளில் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் பொய் எழுதினார்களா என்ற விசாரணை வெடித்தது. 2020 ஜூலையில் மூவர் மீது வழக்குத் தொடுத்தார்கள்; அந்தக் காவல்துறை ஏற்றிய பதிவுகளை வேறு எவரும் பார்க்கக்கூடாது என்று மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரே பூட்டுப் போட்டார். இதுவும் எழுத்தர் கைதவறியதா, குமரன்?

சான்ஹோசே குமரன்:
வழக்குத் தொடுத்ததாலேயே குற்றவாளி ஆகிவிடுவார்களா? பட்டியலில் பெயர் இருந்தாலே கும்பல்காரனா என்று கொதித்தவர், காவலருக்கு மட்டும் வேறு தராசு எடுப்பது அழகு. அந்த 42 பேரும் குழந்தைகள் அல்லர் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

வைகைக்கரையான்:
குழந்தைகள் அல்லர் என்றால் அவர்களுடைய வயது என்ன, நீங்கள் சொல்லுங்கள். பட்டியலில் இல்லை, உங்களிடமும் இல்லை. 28 பேர் ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டும் பட்டியலில் இருக்கிறது.

சான்ஹோசே குமரன்:
28 அல்ல, 42ஐப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

பழைய பேனா:
‘எழுத்தர் பிழை’ என்பதும் பிழை. தட்டியவர் காவலர் அல்லவா?