ரேடியோஹெட் பாடல்களின் தரவரிசை: எந்தப் பதிவை வைத்து மதிப்பிடுவது?

நெய்தல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ஒன்பது ஸ்டூடியோ ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுமுடித்து, எனக்கான முதல் பத்துப் பாடல்களின் பட்டியலைத் தயாரிக்க முனைந்தேன். ஒன்பது இடங்கள் பெரிய சிக்கலின்றி நிரம்பின. முதலிடம் 'லெட் டவுன்'. அதன்பின் 'பிரமிட் சாங்', 'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்', 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்', 'வியர்ட் ஃபிஷஸ்', 'நியூட்', 'தேர் தேர்', 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்', 'ரெக்கனர்' என்று வருகிறது. பத்தாம் இடத்தில் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பாடலை வைக்க நினைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

இப்பாடலைக் குழுவின் பாடகர் தாம் யோர்க் 1995இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் முதன்முறையாக மேடையில் பாடினார். 2001இல் வெளிவந்த நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில், அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் துணைநிற்க அவர் பாடிய வடிவம் இடம்பெற்றது. ஸ்டூடியோ வடிவமோ 2016இல் 'எ மூன் ஷேப்ட் பூல்' ஆல்பத்தின் கடைசிப் பாடலாகத்தான் வந்தது. அதில் கிட்டாரே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பியானோ ஒலிகள்தாம் இருக்கின்றன. சொற்கள் ஒன்றாக இருந்தாலும், இரண்டையும் ஒரே பாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிட்டார் வடிவம் என் பட்டியலில் நிச்சயம் இடம்பெறும். பியானோ வடிவம் பெறுமா என்பது ஐயமே. பல ஆண்டுகள் மேடையில் மட்டும் உலவிய பின்னரே ஆல்பத்தில் சேரும் பாடல்கள் இந்தக் குழுவுக்கு நிறைய உண்டு. அவற்றை நீங்கள் எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள்? வெறும் பட்டியலை இடாமல் காரணத்தோடு எழுதினால் மகிழ்வேன்.

கருங்குயில்:

நெய்தல் அவர்களே, உங்கள் பட்டியலில் ஆறாம் இடத்தில் இருக்கும் 'நியூட்' பாடலே உங்கள் கேள்விக்கு விடை சொல்கிறது. அதுவும் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) ஆல்பத்தின் காலத்திலேயே உருவாகி, தொண்ணூறுகளின் இறுதியில் மேடைகளில் பாடப்பட்டு, எந்த ஆல்பத்திலும் பொருந்தாமல் ஒதுக்கிவைக்கப்பட்டு, 2007இல் 'இன் ரெயின்போஸ்' வந்தபோதுதான் இடம் கண்டது. பழைய மேடைப் பதிவுகளில் அது ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்விசைப்பலகையின் சாயலுடைய, ஓரளவு வழக்கமான காதல் பாட்டாக ஒலிக்கும். ஆல்ப வடிவத்தில் காலின் கிரீன்வுட்டின் பாஸ் கிட்டார் மெதுவாக ஏறியிறங்கும் ஓட்டம்தான் பாடலைத் தாங்குகிறது. யோர்க்கின் குரல் அதன்மேல் பட்டும் படாமலும் மிதக்கிறது. நீங்கள் ஆறாம் இடம் கொடுத்தது இந்த 2007 வடிவத்துக்குத்தானே? அப்படியானால் 'நியூட்' பாடலுக்கு ஒரு நியாயமும் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பாடலுக்கு வேறொரு நியாயமும் கூடாது.

என் கருத்தில், 2016 வடிவமே அந்தப் பாடல் இத்தனை ஆண்டுகள் தேடிக்கொண்டிருந்த வடிவம். இருபத்தேழு வயது இளைஞர் கிட்டாரை ஓங்கி மீட்டிக்கொண்டு 'என்னை விட்டுப் போகாதே' என்ற பொருள்பட உரக்கப் பாடும்போது, கேட்பவருக்கு அவள் போகமாட்டாள் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கிறது. நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஒருவர் அதே வேண்டுகோளைக் குரலை உயர்த்தாமல் சொல்லும்போது அந்த நம்பிக்கை எஞ்சவில்லை. அவர் நெடுநாள் துணைவியைப் பிரிந்த செய்தி 2015இல் வெளியானதை இதனோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அந்த வாழ்க்கைக் குறிப்பு தேவைப்படவில்லை. பியானோவின் சுருதிக்கட்டு நிலைகொள்ளாமல் நழுவிக்கொண்டே இருப்பதே போதுமானதாக இருக்கிறது. ஆகவே பத்தாம் இடம் அல்ல, மூன்றாம் இடம் தரவேண்டும் என்பேன். 'பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்' சற்றுக் கீழே இறங்கினால் எந்த நட்டமும் இல்லை.

தனி ஆவர்த்தனம்:

கருங்குயில் அவர்களின் வாதம் அழகானது. ஆனால் காலம் கடந்தால் பாடல் தானாகவே முதிர்ச்சி அடைந்துவிடும் என்ற எண்ணம் அதனுள் ஒளிந்திருக்கிறது, அதை என்னால் ஏற்க இயலவில்லை. எதிர்ச்சான்று அதே 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் இறுதியிலேயே இருக்கிறது. 'வீடியோடேப்' பாடலை 2006ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளில் அவர்கள் வாசித்தபோது, பியானோவில் அமைதியாகத் தொடங்கி, பிலிப் செல்வேயின் டிரம்ஸும் கிட்டார்களும் படிப்படியாகச் சேர்ந்து பெரும் உச்சத்தை எட்டும். ஆல்பத்தில் அந்த உச்சம் முழுவதும் நீக்கப்பட்டு, பியானோவும் ஓர் இயந்திரத் தாளமும் மட்டுமே மிஞ்சின. எதைக் கழித்தாலும் அது கலையாகிவிடாது. (அந்தப் பியானோவின் அடிகள் சமத்தில் விழாமல் அரை எண்ணிக்கை தள்ளி விழுகின்றன என்று நீண்ட விவாதமே நடந்திருக்கிறது. எடுப்பு (பாடல் தொடங்கும் இடம்) தள்ளி வரும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும்.)

இனி முதலிடத்துக்கு வருகிறேன். 'பிரமிட் சாங்' எப்படி இரண்டாம் இடத்துக்கு இறங்கியது என்பது எனக்குப் புரியவில்லை. 2001இல் 'அம்னீசியாக்' ஆல்பத்துக்காக வெளியான இப்பாடலின் தாளத்தைப் பற்றி இணையத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். மிருதங்கம் ஓரளவு பயின்றவன் என்ற முறையில் நான் எண்ணுவது இதுதான்: பியானோவின் ஐந்து அடிகளும் பதினாறு எண்ணிக்கைக்குள் 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்று அமைகின்றன, மூன்று, மூன்று, நான்கு, மூன்று, மூன்று. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒரே கணக்கு. இதை மட்டும் சொன்னால் எளிய கணக்காகத் தோன்றும். ஆனால் அந்தப் பதினாறும் சம அளவில் இல்லை. ஜாஸ் இசையில் வருவதுபோல ஒன்று நீண்டு அடுத்தது குறுகி நடக்கின்றன. அதனால் இரண்டாவது அடியும் ஐந்தாவது அடியும் நாம் எதிர்பார்க்கும் இடத்தைவிடச் சற்றுப் பிந்தி விழுகின்றன. தாளம் போடும் கை தயங்குவது அந்த இரு இடங்களில்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் வரை டிரம்ஸ் வருவதே இல்லை. அதுவரை கேட்பவர் கணக்கைத் தொலைத்துவிட்டு நிற்கிறார். செல்வே நுழைந்ததும் தாளம் நான்கு நான்காகவே நடந்துவந்திருக்கிறது என்பது தெளிவாகிறது. டார்செஸ்டர் அபே தேவாலயத்தில் பதிவான செயின்ட் ஜான்ஸ் இசைக்குழுவின் வயலின்களும் ஜானி கிரீன்வுட்டின் ஓண்ட் மார்ட்டினோ என்ற மின்னணு இசைக்கருவியும் அதன்மேல் படரும்போது, சார்லஸ் மிங்கஸின் ஜாஸ் இசையிலிருந்து யோர்க் பெற்ற தூண்டுதல் எங்கே முடிந்து அவருடைய சொந்தக் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. இந்தப் பாடலுக்குப் பதிவுச் சிக்கலும் கிடையாது. ஆல்பத்தில் உள்ளதே முழுமையான வடிவம். 'லெட் டவுன்' நல்ல பாடல்தான், ஆனால் இதற்கு ஈடாகாது.

வெள்ளிக்கிழமைக்காரன்:

பெரியோர்களே, இந்த விவாதத்தைப் படிக்கும் ஒருவர், ரேடியோஹெட் 1997இல் தோன்றிய குழு என்றே நினைத்துக்கொள்வார். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் பள்ளியில் 1985இல் ஐந்து மாணவர்கள் கூடி, வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி செய்ததால் 'ஆன் எ ஃப்ரைடே' என்று பெயர் வைத்துக்கொண்ட காலத்தை விட்டுவிடலாம். ஆனால் 'தி பெண்ட்ஸ்' ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாடல், அதுவும் எட்டாம் இடத்தில் என்றால் எப்படி? 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்' எங்கே போயிற்று? லண்டனில் பாடகர் ஜெஃப் பக்லியின் நிகழ்ச்சியைப் பார்த்துத் திரும்பிய யோர்க், அந்தப் பாடலைப் பாடி முடித்ததும் உடைந்து அழுதார் என்பது ரசிகர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அந்தக் குரலில் இருக்கும் தளர்ச்சி நடிப்பன்று என்பதைக் கடைசி வரிகளைக் கேட்டாலே உணரலாம்.

குழுவின் மிகப் புகழ்பெற்ற பாடலான 'கிரீப்' பற்றி எவரும் வாய்திறக்காததையும் கவனித்தேன். பிடித்த பாடல் என்று சொன்னால் நுனிப்புல் மேய்பவர் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் நம் ரசிகர்களிடம் வெகுவாக இருக்கிறது. 1992இல் வெளியானபோது பிரிட்டனில் எடுபடாத பாடல் அது; மனத்தை மிகவும் சோர்வடையச் செய்கிறது என்று பிபிசி ரேடியோ 1 அதை ஒதுக்கியது. இஸ்ரேலிலும் பின்னர் அமெரிக்காவிலும் பரவிய பிறகு, 1993இல் மறுவெளியீடு செய்யப்பட்டு பிரிட்டன் பட்டியலில் ஏழாம் இடத்தை எட்டியது. பல்லவி தொடங்குமுன் ஜானியின் கிட்டார் இரண்டு மூன்று முறை 'க்ரக்' என்று வெட்டுகிறதே, பாடல் அளவுக்கு மீறி மென்மையாக இருக்கிறது என்று அதைக் கெடுக்கும் நோக்கத்தோடு அவர் செய்தது அது. கெடுக்க நினைத்த அந்த ஓசையே பாடலின் அடையாளமாகிவிட்டது. அந்த ஓசையை நீக்கிவிட்டால், நான்கு கார்டுகளை (சுரக்கூட்டுகளை) சுற்றிச்சுற்றி வரும் ஒரு சாதாரண சோகப்பாட்டுதான் மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் மெட்டு 'தி ஏர் தட் ஐ பிரீத்' என்ற பழைய பாடலை ஒத்திருந்ததால், அப்பாடலை எழுதிய இருவரின் பெயர்களும் இதில் சேர்க்கப்பட்டன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் பத்தில் ஓர் இடம் தரலாம். குழுவினரே பல ஆண்டுகள் தவிர்த்துவிட்டு, 2016இல் மீண்டும் மேடையில் பாடினார்கள், 2017 கிளாஸ்டன்பரி விழாவிலும் பாடினார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

இரட்டை முரசு:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எந்தப் பதிவு' என்ற கேள்விக்குச் சரியான சோதனைக்களம் 2011இல் வந்த 'தி கிங் ஆஃப் லிம்ஸ்'. ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பாடல்களை ஒதுக்கியவர்கள் பலர். அதே ஆண்டு 'ஃப்ரம் தி பேஸ்மென்ட்' நிகழ்ச்சிக்காக அவர்கள் அவற்றை நேரடியாக வாசித்தபோது, செல்வேயோடு கிளைவ் டீமர் என்ற இரண்டாவது டிரம்ஸ் கலைஞரும் சேர்ந்தார். ஆல்பத்தில் வெட்டி ஒட்டிய துண்டுகளாகக் கேட்ட 'புளூம்' பாடலின் தாளம், அங்கே உயிருள்ள இருவரின் கைகளிலிருந்து வருகிறது. ஆல்ப வடிவத்துக்கு முதல் ஐம்பதில்கூட இடம் தரமாட்டேன்; பேஸ்மென்ட் வடிவத்துக்கு என் முதல் ஐந்தில் இடம் உண்டு. ஆகவே பதிவின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடாத தரவரிசை எனக்குப் பயன்படாது.

நெய்தல்:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இரட்டை முரசு அவர்களின் யோசனையை ஏற்று, ஒவ்வொரு பாடலுக்கும் பதிவின் ஆண்டைச் சேர்த்து எழுதப்போகிறேன். அதன்படி பத்தாம் இடம் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' 2001க்கே செல்கிறது. கருங்குயில் அவர்களே, 2016 வடிவத்தை நீங்கள் சொன்ன பிறகு மீண்டும் கேட்டேன். அதன் துயரம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம்பிக்கையும் அச்சமும் ஒன்றோடொன்று மோதும் பாடலைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன், தோல்வி முடிவாகிவிட்ட பாடலை அல்ல.

'லெட் டவுன்' முதலிடத்திலிருந்து இறங்காது. பாத் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் கேத்தரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகையின் நடனக்கூடத்தில், அதிகாலை மூன்று மணிக்குப் பதிவான பாடல் அது. ஜானியின் கிட்டார் மற்ற கருவிகளிலிருந்து வேறுபட்ட கால அளவில் ஓடுகிறது. தனி ஆவர்த்தனம் அவர்கள் இதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சொல்லவேண்டும். இறுதிச் சரணத்தில் யோர்க்கின் ஒரு குரல் கீழே நிற்க, இன்னொரு குரல் அதைக் கடந்து மேலேறும் இடத்துக்கு நிகரான ஒன்றை இந்தக் குழுவின் வேறெந்தப் பாடலிலும் நான் கேட்டதில்லை. அது வெளியாகி இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025இல், இளைஞர்களின் குறுங்காணொளிகள் வழியாக அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நுழைந்தது என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

'கிரீப்' பாடலுக்கு இடமில்லை, வெள்ளிக்கிழமைக்காரன் அவர்களே. கூச்சம் காரணமன்று, கிட்டார் வெட்டை நீக்கினால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்' பாடலுக்காக 'ரெக்கனர்' பாடலை விட்டுக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கருங்குயில்:

'ரெக்கனர்' பாடலைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேவையானால் 'தேர் தேர்' பாடலை எடுத்துவிடுங்கள். ஆண்டைச் சேர்த்து எழுதுவது என்று முடிவாகிவிட்டால், 'லிஃப்ட்' பாடலையும் கணக்கில் எடுத்தாகவேண்டும். 1996இல் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாகச் சென்றபோது வாசித்து ரசிகர்களைக் கவர்ந்த பாடலை, 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் சேர்க்காமல் விட்டார்கள். 2017இல் அந்த ஆல்பத்தின் இருபதாம் ஆண்டு வெளியீட்டில்தான் அதன் ஸ்டூடியோ பதிவு வந்தது. 1996 மேடைப் பதிவில் இருக்கும் துள்ளல் அதில் பாதிகூட இல்லை. இந்த ஒரு பாடலைப் பொறுத்தவரை நான் தனி ஆவர்த்தனம் அவர்களின் பக்கம்தான்.