சிறுகுடலில் கொழுப்புக் கட்டி, அதனால் குடல் அடைப்பு: ஆபரேஷன் கட்டாயமா?

கரூர் தம்பி:
அக்காவுக்கு 46 வயது. பல மாதங்களாகவே சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கும், வாந்தி எடுப்பார், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வேலைக்குப் போய்விடுவார். கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள், எண்டோஸ்கோப்பி பார்த்து எல்லாம் நார்மல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இந்த முறை வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாமல், பச்சையாக வாந்தி. சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் லிப்போமா, அதாவது கொழுப்புக் கட்டி மாதிரி ஒன்றாம், அதனால் குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டதாம். மூக்கில் டியூப் போட்டிருக்கிறார்கள், காலையில் ஆபரேஷன். சாதாரணக் கொழுப்புக் கட்டிக்குக் குடலை வெட்ட வேண்டுமா? என் பையனுக்குக் குழந்தையில் இதே போல வந்தபோது ஆசனவாய் வழியாகக் காற்றடித்தே சரிசெய்தார்கள். கேன்சரோ என்று அம்மா அழுகிறார்.

சர்ஜரி வார்டு:
தம்பி, தள்ளிப் போடாதீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கட்டி எதுவும் இல்லாமலேயே குடல் சொருகும், அதனால் காற்றோடு வேலை முடிந்துவிடும். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதற்கு ஒரு காரணம் உள்ளே இருக்கும். லிப்போமா குடல் சுவரிலிருந்து உள்பக்கமாகத் தொங்கும், குடல் அதையும் சோறு என்று நினைத்து முன்னே தள்ளும், கட்டியோடு சுவரும் சேர்ந்து இழுபட்டு, சட்டைக் கை உள்ளே மடிந்துபோவது போல அடுத்த பகுதிக்குள் போய்விடும். சில நேரம் தானாகவே விடுபடும், அக்காவுக்கு வலி வந்து வந்து போனது அதனால்தான் இருக்கும். விடுபடாவிட்டால் ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் அழுகிவிடும், பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எண்டோஸ்கோப்பி நார்மல் என்றதில் ஆச்சரியம் இல்லை. அது முன்சிறுகுடலோடு நின்றுவிடும், மீட்டர் கணக்கில் நீளும் மிச்சச் சிறுகுடலை அது பார்ப்பதே இல்லை. இப்படி விட்டுவிட்டு வலிக்கிறவர்களுக்கு, வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுத்தால்தான் பெரும்பாலும் பிடிபடும்.

கேன்சர் பற்றி: பெருங்குடலில் என்றால் சந்தேகம் கூடுதல், சிறுகுடலில் பெரும்பாலும் சாதாரணக் கட்டிகள்தான். ஸ்கேனில் கொழுப்பு தனி நிறத்தில் கறுப்பாகத் தெரியும், அதனால் லிப்போமா என்று சொல்வதை ஓரளவு நம்பலாம். ஆனாலும் வெட்டியெடுத்த கட்டியைச் சோதிக்கும் பயாப்ஸி ரிசல்ட் வரும் வரை யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஈரோடு வாசு:
எனக்கும் இதே கதைதான், கட்டி மட்டும் வேறு. பயாப்ஸியில் இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப் (பாலிப் என்றால் குடலின் உள்பக்கமாக வளரும் சதை) என்று வந்தது, பெயரைப் பார்த்து வீடே நடுங்கியது, அதுவும் சாதாரணக் கட்டிதான். 1949இல் வானெக் என்பவர் இரைப்பையில் கண்டு எழுதியதாம், சிறுகுடலிலும் வரும். அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் காற்றுப் பிரியும் வரை வாய்க்கு ஒன்றும் கொடுக்காதீர்கள் என்றால் அப்படியே கேளுங்கள், பாவம் என்று காப்பி கொடுத்துவிட வேண்டாம். கடைசிச் சிறுகுடலில் எவ்வளவு நீளம் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அதிகம் போனால் வைட்டமின் பி12 குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நாள் வயிற்றுப்போக்கும் இருக்கும்.

கரூர் தம்பி:
கையெழுத்துப் போட்டுவிட்டோம். சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பார்களாம். இது பரம்பரையாக வருமா?

சர்ஜரி வார்டு:
தனி லிப்போமா என்றால் அப்படி வராது. உதட்டிலும் வாய்க்குள்ளும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும், குடலில் நிறையப் பாலிப்களும் இருந்தால் அது ப்யூட்ஸ் ஜெகர்ஸ் என்ற வேறு நோய், அப்போது உங்களையும் சோதிக்கச் சொல்வார்கள். பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.