தாமாகவே எழுதிக் கொடுத்த ராஜினாமாவா?

மேடவாக்கத்தான்:
நேற்று வேறொரு இழையில் 'டெலிவரி தலைவர்' எழுதியது: "ஐ.டி. கம்பெனிகள் யாரையும் துரத்துவதில்லை. அவர்களே ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே வந்து அழுகிறார்கள்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஏனென்றால் நானும் அப்படிக் 'கொடுத்தவன்'தான். ஒரே கம்பெனியில் 16 வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டிபன் டப்பாவைத் திறக்கும்போது மூன்றாவது மாடி மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டிஷ்யூ பெட்டி, லேப்டாப்பில் என் பெயரில் திறந்து வைத்த ராஜினாமா பக்கம். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். இப்போதே அனுப்பினால், முறையாக விலகினேன் என்று சொல்லும் ரிலீவிங் லெட்டரும் மூன்று மாதச் சம்பளமும். இல்லையென்றால் டெர்மினேஷன், அடுத்த கம்பெனி விசாரித்தால் அதைத்தான் சொல்வோம் என்றார்கள். யோசிக்க அரை மணி நேரம். அந்தக் கடிதத்தை அடித்தது யார், நானா?

டெலிவரி தலைவர்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் பட்டனை அழுத்தியது யார்? நீங்கள்தானே? படித்தவர், 16 வருட அனுபவம் உள்ளவர். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

மேடவாக்கத்தான்:
மாதம் 47,000 ரூபாய் வீட்டுக் கடன் கட்டுகிறவன் எப்படி எழுந்து வருவான்? பட்டனை விடுங்கள் சார், அடித்தது யார்?

ஜாவாக்காரன்:
பாஸ், திறமை இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். அறிவித்த ஆட்குறைப்பு வெறும் 2 சதவீதம். 98 பேர் இருக்கிறார்களே!

பெருங்குடி அக்கா:
அந்த 2 சதவீதம் ஏறத்தாழ 12,000 பேர், தம்பி. பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்கள். ஏ.ஐ. காரணமில்லை, வேறு வேலையில் பொருத்த முடியவில்லை என்று தலைமை நிர்வாகி கிருத்திவாசனே சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் வருடத்துக்கு 225 நாள் பில்லிங், அதாவது கிளையன்ட் பணம் தரும் வேலை வேண்டும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. புராஜெக்ட் கொண்டுவருவது சேல்ஸ்காரர்கள் வேலை. வரவில்லையென்றால் தண்டனை கோட் எழுதுகிறவனுக்கா? உங்கள் திறமையை 36ஆம் நாள் பார்ப்போம்.

ஜாவாக்காரன்:
36ஆம் நாள் நான் வேறு கம்பெனியில் இருப்பேன். 2021, 22இல் இதே ஆட்கள் இரண்டு மடங்கு சம்பளத்துக்குத் தாவியபோது, கையில் நாலு ஆஃபர் வைத்துக்கொண்டு சேர்கிற நாளில் போனை அணைத்தபோது, எங்கே போனது இந்த நியாயம்?

மேடவாக்கத்தான்:
நான் எங்கேயும் தாவவில்லை. அதுதான் நான் செய்த தப்பு என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். நாம் போனால் 90 நாள் நோட்டீஸ், அவர்கள் அனுப்பினால் அரை மணி நேரம். சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டம் 25எஃப் பிரிவின்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், அத்தோடு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். எனக்குக் கணக்குப் போட்டால் 8 மாதச் சம்பளம் வருகிறது. கொடுத்தது மூன்று. தானே விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது. அந்தக் கடிதம் ஏன் அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறதா? அடித்தது யார்?

பழைய சங்கத்துக்காரர்:
முதலில் 'தொழிலாளர்' யார் என்று முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது. மேற்பார்வை வேலையில் மாதச் சம்பளம் 10,000 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சட்டத்தில் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத்தில் அந்த வரம்பு 18,000. 'லீட்', அதாவது டீமின் தலைவர், என்று பட்டம் இருந்தால் மட்டும் போதாது, செய்கிற வேலை என்ன என்பதுதான் கேள்வி. மேடவாக்கத்தான், உங்களுடையது எந்த வகை?

டெலிவரி தலைவர்:
பார்த்தீர்களா, சட்டமே உங்களுக்கு இல்லை. அழுத்தியது நீங்கள்.

மேடவாக்கத்தான்:
லீட் என்று பெயர்தான். ராத்திரி இரண்டு மணிக்கு கிளையன்ட் சிஸ்டம் நின்றுபோனால் உட்கார்ந்து லாக் பார்த்துச் சரி செய்தவன் நான்! என்னை மேனேஜர் என்கிறீர்களா? அடித்தது யார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பழைய சங்கத்துக்காரர்:
நான் கேட்டதற்கும் இது முழுப் பதில் இல்லை. போகட்டும். 2015 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். போராடினால் வழி உண்டு.

கோவைக்காரி:
எல்லா அண்ணன்களும் 16 வருடம், 20 வருடம் என்கிறீர்கள். என் தம்பி 2022இல் படிப்பை முடித்தான். ஆஃபர் லெட்டரை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு 14 மாதம் காத்திருந்தான். நீங்கள் வாங்கிய சம்பளத்தில் அவனைப் போல் ஐந்து பேரைச் சேர்க்கலாம். பத்து வருடத்துக்கு மேலாகப் புதியவர்களின் வருடச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறதே, அப்போது யாராவது வாய் திறந்தீர்களா?

மேடவாக்கத்தான்:
அம்மா, நான் போனதும் என் இடத்தில் உன் தம்பியை எடுத்தார்களா? இல்லை. என் வேலையை என் டீமில் மிச்சமிருந்த இரண்டு பேர் தலையில் கட்டினார்கள். ஒருவனுக்குச் சர்க்கரை நோய். அவன் இன்றும் ராத்திரி எனக்கு போன் செய்து டவுட் கேட்கிறான், நானும் சொல்லித் தருகிறேன்.

ஜாவாக்காரன்:
வெளியே போன பிறகும் சொல்லித் தருகிறீர்களா? கம்பெனி ரகசியம் பாஸ் அது. விப்ரோ 2022இல் போட்டிக் கம்பெனிக்கும் வேலை பார்த்த 300 பேரை அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா?

பெருங்குடி அக்கா:
இரண்டு சம்பளம் வாங்கியதும், இருக்கிற ஒருவனுக்குச் சும்மா உதவுவதும் ஒன்றா? நீங்கள் வெளிநாட்டில், ஆன்சைட்டில் இருந்த திமிரில் பேசுகிறீர்கள். போன வருடமும் இதே குழுவில், சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை செய்த என்னை 'பழைய டெஸ்டர்' என்றீர்கள். மறக்கவில்லை.

ஜாவாக்காரன்:
டெஸ்டரை டெஸ்டர் என்றுதான் சொல்ல முடியும். ஆன்சைட்டை ஏன் இழுக்கிறீர்கள்? டென்வர் பனியில் காரைத் தோண்டி எடுத்து வேலைக்குப் போனவன் நான்.

டெலிவரி தலைவர்:
நானும் மூன்று வருடம், யாரை அனுப்புவது என்ற பட்டியல் போட்டிருக்கிறேன். பெயர்களை எக்செல்லில் மேலிருந்து அனுப்புவார்கள். நான் தூங்கினேன் என்று நினைக்கிறீர்களா? அதற்காக, வந்தவர்கள் குழந்தைகள் என்று ஒப்புக்கொள்ள முடியாது. படித்துப் பார்த்து அழுத்தினார்கள்.

மேடவாக்கத்தான்:
ஆக, பட்டியல் போட்டீர்கள். அப்புறம் எப்படி 'யாரையும் துரத்துவதில்லை' என்று எழுதினீர்கள்? பட்டியலில் பெயர் வந்த பிறகு அது என் சொந்தக் காரணமா? என் பெண் ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஏன் கம்பெனி பஸ்ஸில் போவதில்லை என்று கேட்டாள். வீட்டிலிருந்தே வேலை என்று ஏழு வாரம் பொய் சொன்னேன்.

டெலிவரி தலைவர்:
காலையில் கிளையன்ட் கால் இருக்கிறது. அழுத்தியது நீங்கள்தான், அதில் மாற்றமில்லை.

மேடவாக்கத்தான்:
அடித்து வைத்தது யார்? அதைச் சொல்லிவிட்டுப் படுங்கள்.