31 வாரத்தில் பிறந்த மகளும் கங்காரு பராமரிப்பும்

காசிமேடு அப்பா:
என் மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். ராயபுரத்தில் அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். மனைவிக்கு பிபி குறையாததால் வார்டில் படுத்திருந்தாள். குழந்தை இன்குபேட்டரில், மூக்கில் குழாயோடு. மூச்சு சீரானதும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா எழுந்து வர்ற வரைக்கும் நீங்க நெஞ்சில வெச்சுக்கோங்க" என்றார். குழந்தையை இப்படி வெறும் நெஞ்சோடு ஒட்டி வைப்பதைத்தான் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

குளித்துவிட்டு, முன்பக்கம் திறக்கும் சட்டையோடு போனேன். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், டயப்பர் மட்டும். நெஞ்சின் நடுவே நிமிர்த்தி வைத்து, கை கால்களைத் தவளை மாதிரி மடக்கி, மூச்சுக்குத் தடை வராதபடி முகத்தை ஒரு பக்கம் திருப்பி, அகலத் துணியால் என்னோடு சேர்த்துக் கட்டினார் சிஸ்டர். குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவாம், உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடுமாம். அதற்கு நம் உடம்புச் சூடு வேண்டும். மானிட்டரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இதயத்துடிப்பு கொஞ்ச நேரத்தில் ஒரு நிலைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

என் அத்தை, "நெஞ்சில வெச்சா சீக்கு ஒட்டிக்கும்" என்று பயந்தார். டாக்டரே அவரை உட்கார வைத்து, இதனால் தொற்று குறையத்தான் செய்யும் என்று சொன்னார். "அப்போ நானும் வெச்சுக்கவா?" என்று கேட்டுவிட்டார் அத்தை! அப்புறம் மனைவியும் எழுந்து வந்ததும் மூவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். உள்ளே குழந்தை இருக்கும் அப்பாக்களே, வராண்டாவில் நிற்காதீர்கள். சிஸ்டரிடம் போய்க் கேளுங்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
நாங்கள் சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். பால் பீய்ச்சிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. எடை ஏறின பிறகுதான் நெஞ்சில் வைக்கலாமாமே, உண்மையா?

வியாசர்பாடி, ஓய்வுபெற்ற செவிலியர்:
இல்லம்மா. முன்பு அப்படித்தான் காத்திருந்தோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே தொடங்கியதில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைத்திருக்கச் சொல்லிவிட்டது. தானாக மூச்சு விட முடியாத, வென்டிலேட்டர் தேவைப்படும், ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைந்த (ஷாக்) குழந்தைகளுக்கு மட்டும் பொறுத்திருக்க வேண்டும்.

நீங்கள் பால் பீய்ச்சிக் கொடுத்தது சின்ன வேலை இல்லை. சுமார் 34 வாரம் வரை சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றாக ஒத்து வராது. அதனால்தான் குழாயிலோ பாலாடையிலோ கொடுக்கிறோம். குறைமாதக் குழந்தையின் குடலை அழுகல் நோயிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை.

தம்பி, பாப்பாவுக்குக் கண் பார்த்தாச்சா? 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் கீழோ பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போய்விடும். நேரத்தில் பிடித்தால் லேசரில் காப்பாற்றலாம். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

காசிமேடு அப்பா:
பார்த்தாச்சுக்கா. ரத்தக்குழாய் இன்னும் முழுசாக வளரவில்லை, மறுபடி வந்து காட்டச் சொன்னார்கள். வரும் திங்கட்கிழமை போகிறோம்.