மறுமொழி: 'காப்பிலெஃப்ட்' என்பதற்குக் கலைச்சொல்

அன்புடையீர்,
இயக்குதள நிறுவியின் உரிமப் பக்கத் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். 'காப்பிலெஃப்ட்' ஒன்றுதான் பாக்கி: மென்பொருளைப் பெற்றுப் பிறருக்கு வழங்குபவர், தாம் பெற்ற உரிமைகளையும் சேர்த்தே தரவேண்டும் என்னும் உரிம முறை. 'அளிப்புரிமை' என்று இட்டுவிடலாமா?

*

எனக்கு உடன்பாடில்லை. அளிப்பது மட்டுமே கருத்தென்றால் பிஎஸ்டி என்னும் தளர்வான மென்பொருள் உரிமமும் அளிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன்கீழ் நிரலைப் பெற்றவர், தம் திருத்தங்களோடு அதை மூடிவைத்துக்கொள்ளலாம். 1989-இல் வெளிவந்த, காப்பிலெஃப்ட் வகையைச் சேர்ந்த குனூ பொதுமக்கள் உரிமம் அதற்கு இடந்தருவதில்லை: திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமைகளையும் மூலநிரலையும் அவர்களுக்குத் தந்தாக வேண்டும். லினக்ஸ் இயக்குதளத்தின் கருவான கர்னலைத் திருத்தி விற்கும் நிறுவனம், திருத்திய மூலத்தை வாங்கியவரிடமிருந்து மறைக்க முடியாதிருப்பதற்கு, 1992-இல் அது இவ்வுரிமத்துக்கு மாறியதே காரணம். கைமாறுந்தோறும் உடன்செல்லும் இந்தக் கடப்பாடு 'அளிப்பு' என்பதில் எங்கே இருக்கிறது? வழிவழியாக வருவதால் 'வழியுரிமை' என்பதே பொருந்தும்.

*

ஆங்கிலத்தில் வலப்புறமும் உரிமையும் 'ரைட்' என்ற ஒரே சொல்லாக இருப்பதால், 'காப்பிரைட்' என்பதை இடப்புறம் ('லெஃப்ட்') திருப்பிப் பிறந்த சிலேடை 'காப்பிலெஃப்ட்'. நம் 'வலம்' வலிமையையும் வெற்றியையும் குறிக்குமே தவிர உரிமையைக் குறிக்காது. ஆயினும் 'இடம்' என்பது இடப்புறத்தையும் இடங்கொடுத்தலையும் ஒருங்கே சுட்டுவதால், 'இடவுரிமை' என்றால் சிலேடையும் தப்பிப் பிழைக்கும். கூடவே 'கட்டற்ற மென்பொருள்' என்பதைத் 'தளையறு மென்பொருள்' என்று திருத்திவிடலாம்.

*

தளை அறுந்தால் வெண்பா கெடும், ஐயா! யாப்பில் தளை சீரோடு சீரைச் சேர்ப்பதேயன்றிச் சிறையிடுவதன்று. அப்படிப் பார்த்தால் இவ்வுரிமத்தின் நிபந்தனையே நல்ல தளைதான். அதை அறுத்தால் எஞ்சுவது பிஎஸ்டி.

*

யாப்பைப் பிறகு பார்ப்போம். 'இடவுரிமை' மனைப் பத்திரத்தையும் 'வழியுரிமை' நடைபாதை வழக்கையும் நினைவூட்டுவதாக, நான் கேட்ட இரு பயனர்களும் சொன்னார்கள். மூவர் அளிப்புரிமைக்கு இசைந்துவிட்டதால் அதையே இடுகிறேன். 'பெற்ற உரிமைகளை அடுத்தவருக்கும் தரவேண்டும்' என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன்.

*

அந்த ஒரு வரி தேவைப்படுவதையே என் மறுப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுப்புவேன்.